ஈசிஆர்ல ஒரு நாள் ஓபன் டாப் கார்: வாங்கினா எவ்வளவு, வாடகைக்கு எடுத்தா எவ்வளவு?

போன மாசம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். வயசு 28, ஓஎம்ஆர்ல ஐடி வேலை, பிடித்தம் எல்லாம் போக கைக்கு வர்ற சம்பளம் 92,000 ரூபாய். "அண்ணா, எட்டு வருஷப் பழைய ஓபன் டாப் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். 23 லட்சம் சொல்றாங்க. கையில 5 லட்சம் இருக்கு. மீதி 18 லட்சத்துக்கு லோன் கிடைக்கும், 13 சதவீத வட்டி, 60 மாசம். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போறேன். சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க."

சரியா தப்பான்னு மெயில்ல ஒரு வரியில சொல்ற விஷயம் இல்ல இது. போன் போட்டேன். "ஏன் தம்பி இந்தக் கார்?"னு கேட்டேன். இன்ஜின், ஹார்ஸ்பவர்னு ஆரம்பிப்பார்னு நினைச்சேன். அவர் சொன்னது வேற. "திருவான்மியூர்ல இருந்து பாண்டிச்சேரி வரைக்கும், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, கூரையைத் திறந்து விட்டுட்டு ஒரு தடவை போகணும்ணா. காலேஜ் படிக்கும்போதிருந்து ஆசை."

"ஒரு தடவை"ன்னு அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் இந்தப் பதிவு முழுக்க. வீடியோவுல 12 நிமிஷத்துல ஓட்டிட்டேன், நிறைய விட்டுப்போச்சு. இங்க நிதானமா பார்க்கலாம்.

ஆசையைக் கேலி பண்ண மாட்டேன். எனக்கும் அதே ஆசை இருந்தது, போயும் வந்தேன். அதைப் பின்னாடி சொல்றேன். முதல்ல அவரோட கணக்கு.

இஎம்ஐ சொல்றதும் சொல்லாததும்

18 லட்சம், 13 சதவீதம், 60 மாசம். இஎம்ஐ 40,956 ரூபாய். சம்பளத்துல 44 சதவீதத்துக்கும் மேல. ஐந்து வருஷத்துல கட்டுற மொத்தம் 24.57 லட்சம், அதுல வட்டி மட்டும் 6.57 லட்சம். வீட்டுக் கடன்ல கிடைக்கிற மாதிரி வரிச் சலுகை எதுவும் சம்பளக்காரருக்கு கார் லோன்ல கிடையாது.

இது கார் ஷோரூம்ல நின்னபடியே கால்குலேட்டர்ல தட்டினா வர்ற கணக்கு. மீதியை நாமதான் போடணும். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி, துணிக்கூரைக்குப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்னு நான் வச்சேன். எட்டு வருஷப் பழைய இறக்குமதி வண்டிக்கு இது கஞ்சத்தனமான மதிப்பீடுதான். அந்தக் கூரையைத் தூக்கி மடக்குற மோட்டார் ஒரு தடவை மக்கர் பண்ணினா, அந்த வருஷத்துக் கணக்கு அங்கேயே முடிஞ்சுது. இருந்தாலும் ஒன்றரை லட்சமே இருக்கட்டும், ஐந்து வருஷத்துக்கு ஏழரை லட்சம். ஐந்து வருஷம் கழிச்சு, 13 வயசான வண்டியை 9 லட்சத்துக்கு வித்துடலாம்னு தாராளமா வைப்போம்.

முன்பணம் 5 லட்சம், இஎம்ஐ 24.57, பராமரிப்பு 7.5. கூட்டினா 37.07 லட்சம். வித்த 9 லட்சத்தைக் கழிச்சா 28.07 லட்சம். பெட்ரோல் இதுல இல்ல.

"புது வண்டி எடுத்தா இந்த ரிப்பேர் தலைவலி இல்லையே"ன்னு சிலர் யோசிப்பீங்க. ஒரு உதாரணம் போதும். பிஎம்டபிள்யூ இசட்-4 மாடலோட புது வடிவம் 2023-ல இந்தியாவுக்கு வந்தப்போ எக்ஸ்-ஷோரூம் விலை 89.30 லட்சம். ரெண்டே சீட். 50 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஓடிக்கிட்டே பத்து செகண்டுல கூரையைத் திறக்கலாம், அழகான வண்டி. ஆனா தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். அந்த விலைக்கு வரி மட்டும் 17.86 லட்சம் ஆகுது. வரிப் பணத்துல ஒரு நல்ல குடும்பக் கார் வாங்கிடலாம். புதுசை இதோட விட்டுடுவோம்.

வருஷத்துல எத்தனை நாள் கூரை திறக்கும்?

தம்பிகிட்ட நான் கேட்ட ரெண்டாவது கேள்வி இது. "ஒவ்வொரு வீக்கெண்டும்ணா"ன்னார். அப்புறம் அவரே குறைச்சு, "மாசத்துக்கு ரெண்டு தடவை"ன்னார். சரி, காலண்டரை எடுத்து வச்சு ஒவ்வொரு மாசமா எண்ணலாம்னு உட்கார்ந்தோம்.

மார்ச் பாதியில இருந்து ஜூன் முடியற வரைக்கும் சென்னையில காலை எட்டு மணிக்கு மேல கூரையைத் திறந்தா தலை காய்ஞ்சு போயிடும். தொப்பி போட்டா காத்து தூக்கிட்டுப் போயிடும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்ல சாயங்காலம் எப்போ மழை கொட்டும்னு தெரியாது, புழுக்கமும் குறையாது. அக்டோபர் நடுவுல இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் எச்சரிக்கை. மிச்சம் ஜனவரியும் பிப்ரவரியும். அந்த ரெண்டு மாசத்துல எட்டு ஒன்பது ஞாயிறு. அதுலயும் காணும் பொங்கல் அன்னைக்கு மாமல்லபுரம் பக்கம் கார்ல போறதுக்கு நடந்தே போயிடலாம். ஊர்ல கல்யாணம், காதுகுத்து, ஆபீஸ் ரிலீஸ், சளி, காய்ச்சல் எல்லாம் கழிச்சு, மத்த மாசங்கள்ல கிடைக்கிற நல்ல விடியற்காலையையும் சேர்த்து வருஷத்துக்கு 12 நாள்னு முடிவு பண்ணினோம். தம்பியும் ஒத்துக்கிட்டார். கொஞ்சம் முகம் வாடித்தான்.

12 நாள், ஐந்து வருஷம், 60 நாள். 28.07 லட்சத்தை 60-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 46,800 ரூபாய்.

"ஆனா அண்ணா, மத்த நாள்ல ஆபீஸுக்குப் போவேனே, அதைக் கணக்குல எடுக்கலையே?" நியாயமான கேள்வி. கூரையை மூடிக்கிட்டு துரைப்பாக்கம் டிராஃபிக்ல நிக்கிறதுக்கு 6 லட்சம் ரூபாய் ஹேட்ச்பேக் போதும். அதே வேலையைச் செய்யும், பெட்ரோலும் கம்மியா குடிக்கும். மழைக்காலத்துல முழங்கால் தண்ணியில இந்தத் தாழ்வான வண்டி என்னாகும்னு ஓஎம்ஆர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவர்கிட்ட ஏற்கெனவே ஒரு ஸ்கூட்டர் இருக்கு, கம்பெனி கேப் வருது. அதனால ஆபீஸ் பயணத்துக்கு இந்தக் கணக்குல நான் மதிப்பெண் போடல.

14-வது மாசம் வேலை போனா

மேல சொன்ன கணக்கு எல்லாமே ஐந்து வருஷமும் சம்பளம் ஒழுங்கா வரும்ங்கிற நம்பிக்கையில போட்டது. தம்பிகிட்ட அவசரகால நிதி எவ்வளவுன்னு கேட்டேன். 80,000. அப்பா ரிட்டயர்டு, பென்ஷன் கிடையாது. அம்மாவுக்கு சர்க்கரை, மாசாமாசம் மாத்திரைச் செலவு. முன்பணத்துக்கு வச்சிருந்த 5 லட்சம்தான் அவரோட மொத்த சேமிப்பு.

14-வது மாச இஎம்ஐ கட்டின கையோட வேலை போகுதுன்னு வைங்க. அதுவரைக்கும் இஎம்ஐயா கட்டினது 5.73 லட்சம். ஆனா பாக்கி அசல் இன்னும் 14.78 லட்சம் நிக்கும். ஆரம்ப மாசங்கள்ல இஎம்ஐயில கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போயிடும், அதனால அசல் மெதுவாத்தான் கரையும். சரி, காரை வித்துடலாம். ரெண்டு சீட் ஓபன் டாப் காருக்கு சந்தையில எத்தனை பேர் வரிசையில நிப்பாங்க? அவசரமா விக்கிறவர்னு தெரிஞ்சா வாங்குறவர் இன்னும் அடிச்சுப் பேசுவார். 15 லட்சத்துக்குப் போச்சுன்னு வைப்போம். பழைய கார் லோன் பெரும்பாலும் நிலையான வட்டியில வரும், முன்கூட்டியே அடைச்சா கட்டணம் கேட்பாங்க. 4 சதவீதம்னா 59,000. ஆக அடைக்க வேண்டியது 15.37 லட்சம். காரை வித்த பிறகும் கையில இருந்து 37,000 போட்டாத்தான் கடன் முடியும்.

முன்பணம் 5 லட்சம், இஎம்ஐ 5.73 லட்சம், ரெண்டும் போச்சு. அந்த 14 மாசத்துல கூரை திறந்த நாள், நம்ம கணக்குப்படி, 14.

இதைச் சொன்னப்போ போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "வீட்டுல இன்னும் சொல்லலண்ணா"ன்னார். கணக்கை விட அதுதான் எனக்கு உறுத்துச்சு.

இன்னொண்ணும் விசாரிக்கச் சொன்னேன். அந்தக் கார் எந்த மாநிலப் பதிவுன்னு. வெளி மாநில நம்பர் பிளேட். அப்படின்னா அந்த ஊர் ஆர்டிஓகிட்ட தடையில்லாச் சான்று வாங்கணும், 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா மறுபதிவு பண்ணணும், இங்க வரியும் கட்டணும். 23 லட்சம்னு சொன்ன விலையில இது எதுவும் சேரல. விக்கிறவர் அதைத் தானா சொல்லவும் இல்ல.

சரி, வாடகைக்கு எடுத்தா?

இங்க என் சொந்தக் கதையில இருந்து ஆரம்பிக்கணும், ஏன்னா முதல் தடவை நான் ஏமாந்தேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி இன்ஸ்டாகிராம்ல ஒருத்தர் கூரை திறக்கிற ஜீப் ஒண்ணு வாடகைக்குத் தர்றதா போட்டிருந்தார். மத்தவங்களைவிட ஆயிரம் ரூபாய் கம்மி. 20,000 டெபாசிட் ஜிபேல போட்டேன். ரசீது இல்ல, ஒப்பந்தம் இல்ல. கோவளம் திருப்பத்துல பின்னாடி வந்த ஒரு பைக் பம்பரை உரசிட்டுப் போச்சு. திரும்பக் கொடுக்கும்போது "இன்சூரன்ஸ்ல போடுங்களேன்"னேன். ஓனர் சிரிச்சார். வண்டி அவர் சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்ணினது. வாடகைக்கு விட்டது தெரிஞ்சா இன்சூரன்ஸ் கம்பெனி க்ளைமைத் தள்ளுபடி பண்ணிடும். 20,000-ம் திரும்பி வரல. உரசின இடத்துக்கு பெயின்ட் அடிக்க என்ன ஆச்சுன்னு ஒரு பில்கூட காட்டல.

பம்பரோட போச்சேன்னு இப்போ நினைச்சுக்கிறேன். ஒரு மனுஷன் மேல இடிச்சிருந்தா? இழப்பீடு யார் தலையில விழும்?

அதனால வாடகைக் காரைப் பார்த்ததும் முதல்ல பார்க்க வேண்டியது நம்பர் பிளேட். நீங்களே ஓட்டுற வாடகைக் கார்னா கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளைப் பலகையில கறுப்பு எழுத்துன்னா அது சொந்த உபயோக வண்டி. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து டிரைவரோட வர்ற டாக்ஸி. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுறது சட்டப்படி செல்லாது. "நம்ம ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிக்கலாம் ப்ரோ"ன்னு யாராவது சொன்னா அங்கிருந்து கிளம்பிடுங்க.

ரெண்டாவது தடவை ஒழுங்கா விசாரிச்சேன். கறுப்புப் பலகை, ரெண்டு சீட் ஓபன் டாப். எனக்குச் சொன்ன வாடகை, ஜிஎஸ்டி சேர்த்து ஒரு நாளைக்கு 18,000. திரும்பத் தர்ற டெபாசிட் 50,000. கேட்கும்போதே ஜிஎஸ்டி உள்ளயா வெளியயான்னு கேட்டுடுங்க, பில் போடும்போது கேட்டா கசக்கும். வயசு 25 ஆகியிருக்கணும்னு இந்த மாதிரி வண்டிக்குப் பல இடத்துல கேட்கிறாங்க.

18,000-ன்னு நினைச்சு சந்தோஷமா இருந்தேன். ஒப்பந்தத்தைப் படிச்சா ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர்தான் வரம்பு. அதுக்கு மேல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 60 ரூபாய். சென்னையில இருந்து பாண்டிச்சேரி ஒரு வழிக்கே ஏறக்குறைய 150. ஊருக்குள்ள சுத்தினது, வண்டியை எடுத்து விட்டது எல்லாம் சேர்த்தா 320. கூடுதல் 120 கிலோமீட்டருக்கு 7,200 ரூபாய். பெட்ரோல், லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுக்குதுன்னு வச்சா 35, 36 லிட்டர், லிட்டர் 101 ரூபாய்னா 3,600. சாப்பாடு, டோல், பார்க்கிங் 1,700. மொத்தம் 30,500.

சின்னத் தொகை இல்ல. தம்பியோட சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. வாடகைக்கு எடுக்கிறதும் சல்லிசுன்னு நான் சொல்ல வரல. ஆனா பெட்ரோல், சாப்பாட்டை விட்டுட்டுப் பார்த்தா வாடகை நாள் 25,200, சொந்த நாள் 46,800. ரெண்டும் சமமாகணும்னா ஐந்து வருஷத்துல 111 நாளாவது, அதாவது வருஷத்துக்கு 22 நாளுக்கு மேல கூரையைத் திறக்கணும். உண்மையிலேயே அவ்வளவு ஓட்டுவீங்க, அவசர நிதி இருக்கு, இஎம்ஐ சம்பளத்துல பெரிய ஓட்டை போடாதுன்னா, வாங்குங்க. உங்க பணம், உங்க சந்தோஷம். அப்படி ஓட்டுறவங்க இருக்காங்க, எனக்கே ரெண்டு பேரைத் தெரியும். ரெண்டு பேருக்கும் வீட்டுல வேற கார் ஒண்ணு நிக்குது.

டெபாசிட் பத்திரமா திரும்பி வர

வண்டியை வாங்கும்போது நாலு பக்கமும், சக்கரம், கண்ணாடி, துணிக்கூரையோட மடிப்பு வரைக்கும் போன்ல வீடியோ எடுங்க. ஓடோமீட்டர், பெட்ரோல் முள் ரெண்டும் அதுல தெரியணும். கூரையை ஒரு தடவை முழுசா திறந்து மூடச் சொல்லுங்க. நான் இதைக் கேட்டப்போ கடைப்பையன் முகம் சுளிச்சார், பரவாயில்ல.

அப்புறம் ஒரே ஒரு கேள்வியை எழுத்துல வாங்குங்க: "விபத்து நடந்தா என் பொறுப்பு அதிகபட்சம் எவ்வளவு?" சிலர் ஒரு தொகையில நிறுத்துவாங்க. சிலர் இன்சூரன்ஸ் கொடுக்காத எல்லாமே உங்க தலையிலன்னு எழுதியிருப்பாங்க. வண்டி பழுது பார்க்க நிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கேட்கிற ஒப்பந்தமும் உண்டு. ஒரு பம்பர் இறக்குமதி ஆகி வர்றதுக்கு எத்தனை வாரம் ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

வேக வரம்பும் கேளுங்க. வண்டியில ஜிபிஎஸ் இருக்கும், தாண்டினா டெபாசிட்ல பிடிப்பாங்க. ஈசிஆர்ல கேமரா அபராதம் வேற தனியா வரும், அதுவும் ஓனர் பேருக்குப் போய் உங்ககிட்ட வரும்.

இன்னொண்ணு நிறையப் பேர் கவனிக்கிறதில்ல. கார் இன்சூரன்ஸோட வர்ற கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம், அது வண்டியோட பதிவு பெற்ற ஓனர் ஓட்டும்போதுதான். வாடகைக்கு எடுத்து ஓட்டுற நீங்க ஓனர் இல்ல. ஆபீஸ்ல கொடுக்கிற குழு காப்பீட்டை நம்பாம, உங்க பேர்ல டேர்ம் பாலிசியும் தனி விபத்துக் காப்பீடும் இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க. பாண்டிச்சேரியில ஒரு பீர் அடிச்சுட்டுத் திரும்பினா காப்பீடு துணைக்கு வராமப் போகலாம். முதல் தடவை மாட்டினாலே அபராதம் 10,000, அதோட வண்டியும் ஸ்டேஷன்ல நிக்கும். அந்த நாளோட வாடகையும் ஓடிக்கிட்டிருக்கும்.

அப்போ அந்த நாள் எப்படி இருந்துச்சு?

ஜனவரி கடைசி, ஒரு செவ்வாய்க்கிழமை. லீவு போட்டேன். வார நாள்ல வாடகையும் கம்மி, ரோடும் காலி. விடியற்காலை அஞ்சரைக்கு திருவான்மியூர் தாண்டினேன், பக்கத்து சீட்ல மனைவி, காதை மூடி ஸ்கார்ஃப். முட்டுக்காடு பாலத்துல ஏறும்போது கிழக்கு வெளுத்துச்சு. கழிமுகம் முழுக்க வெள்ளி மாதிரி கிடந்தது, காத்துல உப்பும் சேறும் கலந்த வாசம். மூடின கார்ல நூறு தடவை அந்தப் பாலத்தைத் தாண்டியிருக்கேன், அந்த வாசம் தெரிஞ்சது அன்னைக்குத்தான். அடுத்த கிராமத்துல கருவாட்டு வாசமும் அதே அளவு தெரிஞ்சது, அதையும் சொல்லணும்.

ஒரு உண்மை. ஈசிஆர்ல பெரும்பாலான இடத்துல கடலே தெரியாது. ரிசார்ட் மதில், சவுக்குத் தோப்பு, பிளாட் விளம்பரம், இதுக்கு நடுவுல எங்கயாவது கொஞ்சம் நீலம் எட்டிப் பார்க்கும். ரீல்ஸ்ல மலையோரமா கடலை ஒட்டி ஓடுற ரோடு கலிபோர்னியாவோட ஹைவே ஒன்னு. இங்க அழகு வேற மாதிரி. மாமல்லபுரம் தாண்டி கூட்டம் குறைஞ்ச பிறகு, மரக்காணம் உப்பளம் வர்ற இடம்தான் எனக்குப் பிடிச்சது. ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா தண்ணி, வெள்ளைக் குவியல், மேல மொத்த வானம். வண்டியை ஓரமா நிறுத்தி இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

கஷ்டமும் இருந்துச்சு. சீட் தரையை ஒட்டி இருக்கும். பஸ் பக்கத்துல வந்தா சக்கரமும் ஹாரனும் நேரா காதுக்குத்தான். வேகத்தடை ஒவ்வொண்ணையும் கோணலா ஏறி இறங்கணும், அடி தட்டினா டெபாசிட் ஞாபகம் வரும். பத்து மணிக்கு மேல கூரையை மூடிட்டு ஏசி போட்டோம், பாண்டிச்சேரியில இருந்து திரும்பும்போது நாலரை வரைக்கும் திறக்கவே இல்ல. கூரை திறந்து ஓட்டின நேரம் மொத்தம் ஐந்து மணி நேரம்தான் இருக்கும். போதும் போதும்னு இருந்துச்சு, திரும்ப ஒரு தடவை போகலாம்னும் இருந்துச்சு.

பெட்ரோல் பத்தி ஒரு துணுக்கு: பாண்டிச்சேரியில லிட்டருக்கு சில ரூபாய் கம்மி. காலாப்பட்டு வந்துட்டா யூனியன் பிரதேசம், அடுத்து கோட்டக்குப்பம் மறுபடி தமிழ்நாடு, அப்புறம் மறுபடி பாண்டி. டேங்கை அந்தப் பக்கம் நிரப்பினா ஒரு காபிக் காசு மிஞ்சும்.

30,500-ஐ எங்கிருந்து எடுக்கிறது?

கிரெடிட் கார்டுல தேய்ச்சு இஎம்ஐயா மாத்திக்காதீங்க, ஒரு நாள் ஆசைக்கு ஒரு வருஷம் வட்டி கட்டுறது வேண்டாம். வங்கி ஆப்ல மாசம் 3,000-க்கு பத்து மாச ஆர்டி ஒண்ணு போடுங்க. 7 சதவீதம் கிடைச்சா முடிவுல கிட்டத்தட்ட 30,970 வரும். மார்ச்ல ஆரம்பிச்சா ஜனவரிக்குக் கையில இருக்கும், சீசனும் அதான். ஆர்டிக்குப் பேர் வைக்க முடிஞ்சா "ஈசிஆர்"னு வைங்க, நடுவுல உடைக்க மனசு வராது. ஒரு ஃப்ரெண்டோட போனா, ஆளுக்குப் பாதி, மாசம் 1,500 போதும். ரெண்டு சீட்தானே, மூணாவது ஆள் கேட்கவும் மாட்டான்.

50,000 டெபாசிட்டை மட்டும் அவசர நிதியில இருந்து எடுத்துக்கலாம், திரும்பி வர்ற பணம்ங்கிறதால. ஆனா கார்டுல பிளாக் பண்ற இடமா பார்த்தா இன்னும் நல்லது. எத்தனை நாள்ல விடுவிப்பாங்கன்னு எழுதி வாங்கிக்கோங்க.

30,500-ம் அதிகம்னு தோணுறவங்களுக்கு, துணிக்கூரை போட்ட ஜீப் வகை வண்டி இதுல பாதிக்கும் கீழ கிடைக்கும், நாலு பேர் போகலாம். காத்து அதே காத்துதான். அதுவும் வேண்டாம்னா உங்க பைக் இருக்கு, அதைவிட ஓபன் டாப் எது?

தம்பி அந்த ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கல. 5 லட்சத்துல 4 லட்சத்தை அவசர நிதியா லிக்விட் ஃபண்டுலயும் எஃப்டியிலயும் பிரிச்சுப் போட்டார். இஎம்ஐயா போக வேண்டிய 40,956-ல 25,000-க்கு எஸ்ஐபி, அம்மா அப்பாவுக்கு ஹெல்த் பாலிசிக்கு ஒரு பங்கு, 3,000 ஆர்டி. போன வாரம் மெசேஜ் பண்ணியிருந்தார். வீட்டுல ஆர்டி விஷயத்தைச் சொல்லிட்டாராம். அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, "ரெண்டு சீட்டுன்னா, போறப்போ உங்கம்மா, வர்றப்போ நான். பாண்டிச்சேரிக்கு பஸ்ல வந்து ஏறிக்கிறேன்"னாராம்.

கணக்குப் போட்ட எக்செல் ஷீட் வீடியோவுக்குக் கீழ இருக்கு. மஞ்சள் கட்டத்துல உங்க சம்பளம், கார் விலை, வட்டி போடுங்க. "கூரை திறக்கும் நாள்"ங்கிற கட்டத்தை மட்டும் காலண்டரைப் பார்த்துட்டு நிரப்புங்க.